பெண்குலத்தின் குரலும் வெளிநாட்டுக் கொள்கையும்

பத்தாம் வகுப்பிற் பால் பாகுபாட்டை விளக்கிக்கொண்டிருந்த வேளையில் மாணவனொருவன் எழுந்து, செய்தித்தாளிற் கண்ட ‘பெண்ணிய வெளிநாட்டுக் கொள்கை’ என்னுந் தொடருக்குப் பொருள் யாதென வினவினான். நாடுகள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவிலும் ஆண்பால் பெண்பால் உண்டோ என்பது அவன் ஐயம். வகுப்பு நகைத்தது. யாமும் நகைத்தோம். ஆயினும் அன்று அவனுக்குக் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. அதனைச் சற்று விரித்தெழுத இம்மலர் இடந்தந்தது.

போரும் சந்தியும், தூதும் ஒற்றும் ஆடவர் தொழிலென்றே பண்டு தொட்டுக் கருதப்பட்டு வந்தன. அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடந் தூது சென்றமையைப் புறநானூறு கூறும். எனினும் அஃது அரசனொருவன் புலவரொருவர்பால் வைத்த நம்பிக்கையின் விளைவு. பெண்டிர்க்கென அமைந்த உரிமையன்று. அதனை உரிமையாகவே கேட்டு எழுந்த குரலை 1915 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டிலே கேட்கின்றோம்.

முதலாம் உலகப் போர் மூண்ட ஒன்பதாந் திங்களில், ஏப்பிரல் 28 முதல் மே 1 வரை, ஹேக் நகரிற் பன்னிரண்டு நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கூடினர். கூட்டியோருள் முன்னின்றவர் அலெற்றா ஜேக்கப்ஸ் என்னும் ஒல்லாந்து வைத்தியர். தலைமை தாங்கியவர் அமெரிக்கரான ஜேன் அடம்ஸ். வந்தவருட் பெரும்பாலோர் வாக்குரிமை வேண்டிப் பல்லாண்டு பாடுபட்டவர்கள். மைந்தரைப் போர்க்களத்துக்கு அனுப்பும் முடிவிற் பெற்ற தாய்க்குப் பங்கில்லாமை வாக்கில்லாமையின் விளைவே என்பது அவர்கள் வாதம். பகைநாட்டுப் பெண்கள் கூடியிருந்து பேசுதலை அரசாங்கங்கள் விரும்பவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் வந்த கப்பல் ஆங்கிலக் கால்வாயிற் சில நாள் மறித்துவைக்கப்பட்டது. பிரித்தானியாவிலிருந்து வர முனைந்த ஏறக்குறைய நூற்றெண்பதின்மரில் மிகச் சிலரே வந்து சேர்ந்தனர். அவ்வாறிருந்தும் ஜேர்மானியப் பெண்களும், ஜேர்மனியின் படை கைப்பற்றியிருந்த பெல்ஜியத்துப் பெண்களும் ஒரே மண்டபத்தில் அமர்ந்தனர்.

அவர்கள் நிறைவேற்றிய தீர்மானங்களை இன்று படிப்போர் வியப்படைவர். நடுநிலை நாடுகள் இடையறாது சமரசம் பேசுதல் வேண்டும். எந்நிலப்பகுதியும் அங்கு வாழும் மக்களின் இசைவின்றிக் கைமாறலாகாது. வெளிநாட்டுக் கொள்கை மக்களாட்சிக்கு உட்பட்டு நடைபெறல் வேண்டும். பெண்கள் வாக்குரிமை பெறல் வேண்டும். இவை யாவும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமையே கருதத்தக்கது. வீட்டுரிமை வேறு, நாட்டுரிமை வேறு, உலக சமாதானம் வேறு என அவர்கள் பிரித்துக் கண்டிலர். தீர்மானம் எழுதிய கையோடு ஊர் திரும்பாமல், தூதுக்குழுக்களாகப் பிரிந்து பேர்லின், வியன்னா, உரோமாபுரி, பாரிசு, இலண்டன் முதலிய தலைநகர்களுக்குச் சென்று ஆட்சியாளரை நேரிலே கண்டனர். ஆட்சியாளர் மரியாதையுடன் வரவேற்றனர், செவிமடுத்தனர், வழியனுப்பினர். போர் பின்னும் மூன்றாண்டுகளுக்கு மேல் நடந்தது.

இதனைத் தோல்வியென ஒதுக்குவாரும் உளர். யாம் அவ்வாறு கருதோம். 1919 ஆம் ஆண்டுப் பாரிசுச் சமாதான மகாநாட்டிற் பெண்களுக்கு ஆசனமில்லை. எனினும் அங்கு வந்து முறையிட்டவர்களின் முயற்சியால், சர்வதேச சங்கத்தின் பதவிகள் யாவும் இருபாலார்க்குஞ் சமமாகத் திறந்திருக்கும் என்னும் விதி அதன் சாசனத்தின் ஏழாம் பிரிவாயிற்று. 1945 இற் சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்திற் கைச்சாத்திட்ட பெண்கள் நால்வரே. அவருட் பிறேசில் நாட்டுப் பேர்த்தா லுற்ஸ், டொமினிக்கன் குடியரசின் மினேர்வா பெர்னார்டினோ ஆகிய இருவரும் ஆண் பெண் சமவுரிமை சாசனத்தில் வெளிப்படையாக எழுதப்படல் வேண்டுமென வாதாடினர். வாக்குரிமைப் போரில் முன்சென்ற அமெரிக்காவின் பெண் பிரதிநிதியோ அதனை விரும்பவில்லை. பெண்ணுரிமை மேல்நாடுகள் ஏனையோர்க்கு ஈந்த கொடையென எண்ணுவோர் இவ்வரலாற்றைக் கற்றல் நன்று.

மூன்றாண்டு கழித்து மனித உரிமைப் பிரகடனம் எழுதப்பட்டபோது நிகழ்ந்ததொன்று தமிழாசிரியராகிய எமக்குத் தனியின்பந் தருவது. ‘ஆடவர் யாவரும் சமமாகப் பிறந்தனர்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை இந்தியாவின் ஹன்சா மேத்தா ஏற்க மறுத்தார். ஆடவரைக் குறிக்குஞ் சொல் மாந்தர் அனைவரையும் குறிப்பதாக அம்மொழியில் வழங்குவது உண்மையே. ஆனால் அதனைப் பற்றுக்கோடாகக்கொண்டு பெண்களை விலக்கும் நாடுகளும் இருக்கும் என்பது அவரது அச்சம். மாந்தர் யாவரும் எனத் திருத்தம் ஏறிற்று. தமிழிற் பலர்பால் இருபாலாரையும் ஒருங்கே தழுவுதலின் எம் மாணவர்க்கு இவ்விடர்ப்பாடு எளிதில் விளங்காது. இலக்கணந் தழுவிய அனைவரையும் எம் வழக்கமுந் தழுவிற்றா என்பது வேறு வினா.

நிற்க. 1975 இல் மெக்சிக்கோவிலும், பின்னர்க் கொப்பன்கேகன், நைரோபி நகரங்களிலும், 1995 இற் பீக்கிங்கிலும் பெண்களின் உலக மகாநாடுகள் கூடின. பெண்களுக்கெதிரான பாரபட்சம் அனைத்தையும் ஒழிக்கும் உடன்படிக்கை 1979 இல் நிறைவேறிற்று. இலங்கை 1981 இல் அதனை ஏற்றது. இவ்வளவில் அமைந்து, போரைப் பற்றிய பகுதிக்குச் செல்வோம்.

பொஸ்னியாவிலும் உருவாண்டாவிலும் பெண்கள்மீது நிகழ்த்தப்பட்ட கொடுமைகள் உலகை உலுக்கிய காலம் 1990 ஆம் ஆண்டுகளின் முற்பகுதி. அத்தகைய வன்முறையைப் போரின் தவிர்க்கவியலாப் பக்கவிளைவெனக் கூறி அதுவரை ஒதுக்கிவந்தனர். 1993 இல் வியன்னாவிற் கூடிய மனித உரிமை மகாநாட்டிற் பெண்கள் அமைப்புகள் அதனை மறுத்துரைத்தன. அடுத்த ஆண்டு, பெண்களுக்கெதிரான வன்முறையை ஆராய ஐக்கிய நாடுகள் நியமித்த முதல் விசேட அறிக்கையாளர் எமது நாட்டவரான ராதிகா குமாரசுவாமி ஆவர். 1998 இல் உருவாண்டா நீதிமன்று, பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் எனத் தீர்த்தது. 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 இல், நமீபியா தலைமை வகித்த பாதுகாப்புச் சபை, 1325 ஆம் இலக்கத் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றிற்று. சமாதானப் பேச்சிலும் முடிவெடுத்தலிலும் பெண்கள் பங்குகொள்ளல் வேண்டும் என்பது அதன் சாரம். ஹேக் நகரப் பெண்கள் கேட்டதில் ஒரு பகுதியை அரசுகள் எழுத்தில் ஏற்க எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

எழுத்து வேறு, நடப்பு வேறு. 1992 முதல் 2011 வரை நடைபெற்ற பெரிய சமாதான முயற்சிகள் முப்பத்தொன்றை ஆராய்ந்தபோது, பேச்சாளருட் பெண்கள் நூற்றுக்கு ஒன்பதின்மர். கைச்சாத்திட்டவருள் நூற்றுக்கு நால்வர்.

இந்நிலையிலேதான் 2014 ஒக்டோபரிற் சுவீடன் நாட்டு வெளிநாட்டமைச்சர் மார்கொட் வால்ஸ்றம் தம் கொள்கைக்குப் ‘பெண்ணிய’ என்னும் அடையைச் சூட்டினார். போர்க்காலப் பாலியல் வன்முறை பற்றிய ஐக்கிய நாடுகளின் முதல் விசேட பிரதிநிதியாக முன்னர்க் கடமையாற்றியவர் அவர். உரிமை, பிரதிநிதித்துவம், வளம் என்பன அக்கொள்கையின் மூன்று கூறுகள். தூதரகமும் உதவிப்பணமும் பேச்சுவார்த்தையும் இம்மூன்றையுங் கருதி நடத்தல் வேண்டும் என்பதே தொடரின் பொருள். பெண்ணொருத்தி அமைச்சராயிருத்தல் மட்டும் அதுவாகாது. உலகின் முதற் பெண் பிரதமரை 1960 இலேயே கண்ட எமக்கு இவ்வேறுபாடு விளங்காமற் போகாது.

சோதனை விரைவில் வந்தது. 2015 மார்ச்சில், கைரோவில் அரபு நாடுகள் சங்கத்தில் அவர் ஆற்றவிருந்த உரை சவூதி அரேபியாவின் எதிர்ப்பால் தடைப்பட்டது. அந்நாட்டோடு செய்திருந்த படைக்கலக் கூட்டுறவு ஒப்பந்தத்தைச் சுவீடன் புதுப்பிக்காது விட்டது. சவூதி தன் தூதுவரைத் திரும்ப அழைத்தது. சுவீடன் வணிகர்க்கு விசா வழங்க மறுத்தது. ஒப்பந்தத்தை நீடிக்குமாறு பெருவணிகர் பலர் முன்னரே பகிரங்கமாக வேண்டியிருந்தனர். சில வாரங்களிற் பிணக்குத் தீர்ந்து தூதுவர் மீண்டார். சுவீடனின் ஆயுத ஏற்றுமதி ஏனைய நாடுகளுக்குத் தொடர்ந்தமையையும் மறைத்தல் தகாது. ஆயினும், கொள்கைக்கு விலைகொடுக்க நேர்ந்த அவ்வேளையில் ஒருமுறையாவது கொடுத்தனர் என்பதை யாம் பெரிதாகவே மதிக்கின்றோம்.

கனடா, பிரான்சு, மெக்சிக்கோ, ஸ்பெயின், ஜேர்மனி, சிலி ஆகியன பின்னர் அத்தகைய பெயரைத் தத்தம் வழியில் ஏற்றன. 2022 ஒக்டோபரிற் சுவீடனின் புதிய அரசாங்கமோ, பெயர்ச்சீட்டுப் பொருளை மறைக்கும் எனக்கூறி அதனை நீக்கிற்று. பெயரின்றியும் பொருள் நிகழக்கூடும் என்பதற்கு எம் மண்ணிலேயே சான்றுண்டு. நோர்வேயின் அனுசரணையோடு இலங்கை அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் நடத்திய பேச்சுவார்த்தையின்போது, பெண்கள் விவகாரத் துணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. இரு தரப்பிலும் ஐவர் ஐவராகப் பெண்கள் நியமனம் பெற்றனர். 2003 மார்ச்சில் அவர்கள் கிளிநொச்சியிற் கூடினர். அக்காலத்துப் ‘பெண்ணிய வெளிநாட்டுக் கொள்கை’ என்னுந் தொடர் எந்நாட்டு அமைச்சிலும் வழக்கில் இல்லை. போரினால் வருந்திய பெண்களின் தேவைகளைச் சமாதான முயற்சியுள் இடம்பெறச் செய்தலே அவர்கள் பணி. ஏப்பிரலிற் பேச்சுவார்த்தை நின்றது. துணைக்குழுவும் அதனோடு நின்றது. அம்மாணவன் அப்போது பிறந்திருக்கவில்லை. அடுத்த பாடவேளையில் அவனுக்கு இதனையே முதலிற் கூறினோம்.