மடிப்பைத் தூக்கினால் தெரியும் கண்

1583-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வெளியானது, கண் நோய்களுக்கென்றே எழுதப்பட்ட ‘ஆப்தால்மோடூலியா’ என்ற நூல். ஆசிரியர் கியோர்க் பார்டிஷ், 13 வயதில் நாவித மருத்துவரிடம் தொழில் பழகியவர். லத்தீனை விட்டு, மக்கள் பேசிய ஜெர்மன் மொழியில் எழுதினார்.

நூலின் உயிரே அதன் மரச்செதுக்குப் படங்கள்தான். சிலவற்றில் காகித மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கினால் கண்ணின் உள்ளடுக்குகள் தெரியும். மாறுகண்ணுக்குத் துளையிட்ட முகமூடி, கண்புரைக்கு ஊசி எனச் சிகிச்சைகளும் படங்களில் உண்டு. மயக்க மருந்து இல்லாத காலம். உதவியாளர் பின்னால் நின்று தலையை இறுகப் பிடித்துக்கொள்ள, புரையை ஊசியால் கீழே தள்ளினார்கள். எத்தனை நடுங்கியிருக்கும் அந்த உடல்!

சூனியத்தாலும் கண் கெடும் என்று பார்டிஷ் நம்பினார், மூக்குக்கண்ணாடியை எதிர்த்தார். ஆயினும் அவர் கண்ணால் கண்டு எழுதியவை மதிப்பிழக்கவில்லை. புரையைக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக, புரையேறிய கண் வில்லையையே வெளியே எடுக்கும் முறையைப் பின்னாளில், 1747-இல், கையாண்டவர் பிரான்சின் ஜாக் டேவியல்.