கவுனி அரிசி என்று அட்டையில் போட்டால் போதுமா?

செட்டிநாட்டுக் கல்யாண விருந்தென்றால் கவுனி அரிசி இருக்கும். இரவே ஊறவைத்து, மறுநாள் ஆவியில் குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்துப் பரிமாறுவார்கள். இப்போது அதே அரிசி கஞ்சி மாவாக, சேமியாவாக, அவலாகப் பாக்கெட்டில் வருகிறது. வீட்டுக்கு இரண்டு கிலோ வாங்குவது வேறு, தொழிலுக்கு மூட்டை மூட்டையாக வாங்குவது வேறு. அந்த மூட்டைகள் யார் வயலில் விளைந்தவை, என்ன விலைக்கு வாங்கியவை என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும்.

முதலில் விலை. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என இரண்டே கணக்கு. 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்கு, தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். கவுனிக்கெனத் தனி ஆதார விலை கிடையாது. கவுனியோ உயரமாக வளர்ந்து காற்று மழையில் சாய்ந்துவிடும் பயிர், வயதும் அதிகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கவுனியிலிருந்து உருவாக்கிய கோ 57 ரகம் அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு விளைகிறது. சாதாரண நெல்லோடு ஒப்பிட்டும் விளைச்சல் பாதியென்றால் விலை இரட்டிப்பாக வேண்டாமா? குவிண்டால் 5,000 ரூபாய்க்குக் கீழே பேரம் பேசுகிறவர், சாதாரண நெல் போட்டிருந்தால் ஏக்கருக்குக் கிடைத்திருக்கும் வருமானத்தைக்கூட விவசாயிக்குத் தரவில்லை. சிவகங்கைச் சீமையில் இதோடு கண்மாய்க் கவலையும் உண்டு. புழுதியில் விதைத்துவிட்டு வானம் பார்க்கும் பூமி. மழை பொய்த்தால் மில்லுக்கு வேறு ஊர் நெல் கிடைத்துவிடும். விதைத்தவருக்கு வேறு வழி கிடையாது.

நெல் விலை சரிந்தால் அடி யாருக்கு என்ற கேள்வி செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மாவின் ஐராவதி டெல்டாவில் நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்து வளர்ந்தவர்கள் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள். கவுனியே பர்மாவிலிருந்து வந்ததுதான் என்று இங்கே சொல்வார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, கடனை அடைக்க முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம்; 1937இல் அது ஏறத்தாழ 25 சதவீதம். வட்டித் தொழில் செய்தவர்களுக்கு வேண்டியது பணம், நிலத்துக்கு அவர்கள் ஆசைப்படவில்லை என்பது உண்மைதான். நிலத்தை இழந்தவருக்கு அது ஆறுதல் ஆகாது.

அடுத்தது பெயர். கருப்பாக இருப்பதெல்லாம் கவுனி ஆகாது. மணிப்பூரின் சக்காவோ கருப்பரிசிக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அது வேறு மண், வேறு உழவர். கோ 57 பயிரிடுவதில் தப்பே இல்லை, அதைப் 'பாரம்பரியக் கவுனி' என்று விற்பதுதான் தப்பு. கருப்பரிசி ஊறிய ஊதாத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும். தவிட்டில் இருக்கும் ஆந்தோசயனின் நிறமியின் குணம் அது. நிறத்தை இப்படிப் பார்க்கலாம்; ஆனால் எந்த ரகம், எந்த வயல் என்பதற்குக் கொள்முதல் பதிவேடுதான் பதில் சொல்ல முடியும்.

வாங்குபவர் கையில் இருப்பது லேபிள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, கலவை உணவில் ஒரு பொருளைப் பெயராலோ படத்தாலோ முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும். 'கவுனி கஞ்சி மாவு' பாக்கெட்டின் பொருள் பட்டியலில் பச்சரிசி முதலில் இருந்தால் அதுதான் அதிகம் என்று அர்த்தம்.

காரைக்குடிப் பக்கம் தேன்குழலும் சீப்புச் சீடையும் சுட்டு விற்கிறவர்களில் சிறிய அளவில் தொழில் செய்பவர்கள் நிறையப் பேர். கவுனிக்குத் தனியாக முன்பணம் கொடுக்க அவர்களுக்கு வசதி இருக்காது. நாலைந்து பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடம் நெல்லாகவே வாங்கித் தனியே அரைத்துக்கொள்ளலாம். மில்லில் வேறு அரிசி கலக்கும் பயமும் இல்லை. தமிழ்நாடு 2019இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனச் சட்டம் கொண்டுவந்தது. முன்கூட்டியே எழுதிக்கொண்ட விலையை, அறுவடையின்போது சந்தை சரிந்தாலும் வாங்குபவர் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். புரட்டாசி விதைப்புக்கு முன்னால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தாக வேண்டும்.