செடிக்கும் காவல் உண்டு

ஹைதராபாத்திலிருந்து மும்பை போகும் சாலையில் ராமச்சந்திராபுரம் உள்ளது. அதைத் தாண்டினால் பட்டான்செரு. அங்கே 1972-ஆம் ஆண்டு தொடங்கிய இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலக்கடலை நோய்களை அங்கே ஆராய்கிறார்கள்.

பூஞ்சாணம் தாக்கினால் செடி சும்மா இருக்குமா? இருக்காது. செடிக்குள் ஹார்மோன்கள் உண்டு. ஆபத்து வந்ததும் அவை செடி முழுவதும் செய்தி சொல்லும்.

துரு நோய்ப் பூஞ்சாணம் உயிருள்ள இலையில்தான் பிழைக்கும். இப்படிப்பட்ட பூஞ்சாணம் வந்தால் சாலிசிலிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும். தாக்கிய இடத்தைச் செடியே சாகவிடும். பூஞ்சாணம் பட்டினி கிடக்கும்.

தண்டு அழுகல் பூஞ்சாணம் வேறு வகை. அது செடியைக் கொன்று தின்னும். செத்த இடம் அதற்கு விருந்து! இந்த வகைக்கு ஜாஸ்மோனிக் அமிலமும் எத்திலீனும் சேர்ந்து காவல் நிற்கும். காயைப் பழுக்க வைப்பதும் இதே எத்திலீன்தான்.

ஒரு காவல் ஓங்கினால் மற்றது பெரும்பாலும் அடங்கும். எல்லா எதிரிக்கும் ஒரே காவல் போதாது. அதுபோல, ஒரு நோயைத் தாங்கும் ரகம் எல்லா நோயையும் தாங்காது.

ஆகவே விதை வாங்கும் முன் கேளுங்கள்: இந்த ரகம் எந்த நோயைத் தாங்கும்? நோய் கண்ட செடியை வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். நோயை அறிந்த பிறகே மருந்து வாங்குங்கள். பணமும் மிஞ்சும், பயிரும் பிழைக்கும்.