தளர்ந்த தாங்குகால்: போல்ட்டை முறுக்கினால் மட்டும் போதுமா?

2021 மே மாத முழு ஊரடங்கின்போது மளிகைப் பொருட்களை வண்டிகளில் கொண்டுசென்று விற்க அரசு அனுமதி அளித்தது நினைவிருக்கும். அந்நாட்களில் நம்மில் சிலர் சிறிய சரக்கு வண்டியின் மேல் மரச்சட்டமும் பிளைவுட்டும் தகரமும் கொண்டு பெட்டி கட்டி, நடமாடும் கடை ஆக்கினோம். ஊரடங்கு முடிந்தும் அந்தப் பெட்டிகளுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் சரக்கு ஏற்றி, கச்சிராயப்பாளையம் தாண்டி, கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரைக்கும் அதற்கு அப்பாலும் இன்றும் போய்வருகின்றன. ஆண்டுகள் ஓடிவிட்டதால் இப்போது அவை ஒவ்வொன்றாகப் பழுது காட்டத் தொடங்கியுள்ளன. அவற்றில் கவனிக்காமல் விட்டால் ஆளையே பலி வாங்கக்கூடிய பழுது ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அது தாங்குகால் தளர்ச்சி.

பெட்டியின் நான்கு மூலைகளிலும் இரும்புக் கால்கள் உண்டு. சரிவான இடத்தில் கடை விரிக்கும்போது பெட்டி ஆடாமலிருக்க அவற்றை இறக்கி ஊன்றுகிறோம். வண்டி வேறு லோடுக்குத் தேவைப்பட்டால், பெட்டியைக் கால்களின் மேல் நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் ஓட்டிச் செல்வோரும் உண்டு. ஆக, பெட்டி நிற்பதும் விழுவதும் காலைப் பெட்டியோடு சேர்க்கும் இரும்புப் பிடியையும், அந்தப் பிடியைத் தாங்கும் மூலைக்கட்டையையும் பொறுத்தது.

எங்கள் வண்டியில் பின்பக்க இடது கால் லேசாக ஆடியது. போல்ட்டை முறுக்கினோம். சில வாரம் கழித்து மீண்டும் ஆடியது, மீண்டும் முறுக்கினோம். மூன்றாம் முறை ஸ்பேனர் போட்டபோது போல்ட் பிடிப்பே இல்லாமல் சுற்றியது. "ஒரு நாள்தானே, சமாளிப்போம்" என்று அப்படியே மலையேறினோம். கடை விரித்த அரை மணியில் அந்த மூலை ஒரு சாண் இறங்கி, அரிசி மூட்டை வெளியே சரிந்தது. அதற்குச் சற்று முன்புதான் அந்த இடத்தில் ஒரு தாய் குழந்தையோடு நின்று மிளகாய் வாங்கிச் சென்றிருந்தார். கெட்டிருந்தது போல்ட் அல்ல, போல்ட்டுக்குப் பின்னால் இருந்த மரம் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஏன் தளர்கிறது?

முதல் காரணம் தண்ணீர். கூரைத் தகரத்தின் இணைப்பில் நூல் அளவு இடைவெளி விட்டாலும் மழைநீர் மூலைக்கட்டைக்குள் இறங்கிவிடும். வெளியே தகரம், உள்ளே பிளைவுட். நடுவில் நனைந்த மரம் காற்றுப் படாமல் உளுத்துப் போகும். உப்பு மூட்டை ஏற்றும் வண்டியில் உப்புநீர் தரை வழியே கசிந்து இரும்பையும் அரிக்கும். மரத்துக்குள் கடித்துப் பிடிக்கும் ஸ்குரூவுக்கு, கடிக்க மரம் இல்லாவிட்டால் என்ன பலன்?

இரண்டாவது காரணம் பாரம் ஏறும் விதம். பெட்டியும் சரக்கும் சேர்ந்து 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு கால், ஆளுக்கு 250 கிலோ என்று கணக்குப் போடுகிறோம். மேடுபள்ளமான தரையில் அந்தக் கணக்கு செல்லாது. மூலைக்கு மூலை எதிரெதிராக உள்ள இரண்டு கால்களே பெரும்பாரத்தையும் சுமக்கும். ஒவ்வொன்றும் 500 கிலோ வரை ஏற்க நேரும். அதோடு பக்கவாட்டு இழுப்பும் சேரும். கால் 3 அடி, பிடியில் போல்ட்டுகளுக்கு இடைவெளி அரை அடி என்றால், காலடியில் 50 கிலோ விசையோடு ஒரு தள்ளல் விழுந்தால் மேலே போல்ட்டை 300 கிலோ விசை பிடுங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் சேஸ் முறுக்கிக்கொள்ளும்போது ஏற்படும் அசைவும் பிடிகளை நாளும் தளர்த்துகிறது.

எப்படிக் கண்டறிவது?

1. சரக்கு இல்லாதபோது காலைக் கையால் அசைத்துப் பாருங்கள். பிடியும் பெட்டியும் சேர்ந்து அசையாமல் பிடி மட்டும் அசைந்தால் பழுது உறுதி.

2. பிடியைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்திருக்கிறதா, துருநீர் கோடாக வடிந்திருக்கிறதா, உள்பக்கப் பிளைவுட் கறுத்து உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

3. சுத்தியல் பிடியால் மூலைக்கட்டையைத் தட்டுங்கள். நல்ல மரம் 'டக்' என்று கெட்டியாகப் பேசும். உளுத்தது 'பொத்' என்று ஒலிக்கும். சந்தேகமானால் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் இனி முறுக்குவதில் பயனில்லை.

4. கூரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, உள்ளே டார்ச் அடித்து நீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்.

சீர் செய்யும் முறை

முதலில் சரக்கு முழுவதையும் இறக்கிவிட வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பெட்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தாங்கல் கொடுங்கள். ஹாலோ பிளாக் கல்லை வைக்காதீர்கள். அது சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. ஒரு நேரத்தில் ஒரு மூலையை மட்டும் கழற்றுங்கள்.

பிடியைக் கழற்றியதும், உளுத்த மரத்தைக் கெட்டியான, உலர்ந்த மரம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். பழுது கண்ணுக்குத் தெரிந்த இடத்துக்கும் மேலே அரை அடி சோதியுங்கள். ஓட்டையில் புட்டி அடைத்துப் பெயிண்ட் பூசுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. வெட்டிய இடத்தை இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஈர மரத்தில் பசை ஒட்டாது. எண்ணெய் டின் கசிந்த இடமானால் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வையுங்கள்.

புதுத் துண்டுக்கு நன்கு உலர்ந்த தேக்கு அல்லது வேங்கை போதும். நேர் வெட்டில் ஒட்டாமல் சாய்வு வெட்டில் இணைக்கச் சொல்லுங்கள். கட்டை 2 அங்குலக் கனமானால் சாய்வு 16 அங்குலமாவது இருக்கட்டும். எபாக்சி பசை தடவி இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடவேண்டும். பிளைவுட் மாற்றுவதானால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ். 303 சாதாரண உபயோகத்துக்கானது.

பிடியை மீண்டும் பொருத்தும்போது ஸ்குரூவை மறந்துவிடுங்கள். கட்டையை ஊடுருவிச் செல்லும் 10 அல்லது 12 மில்லிமீட்டர் போல்ட் போட்டு, உள்பக்கம் 5 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு வைத்து, லாக் நட்டால் இறுக்குங்கள். பாரம் ஒரு புள்ளியில் விழாமல் தகடு முழுவதும் பரவும். துளையின் உள்சுவரிலும் எபாக்சி தடவினால் அவ்வழியே நீர் இறங்காது. மரம் நசுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

கடைசி வேலையே முதல் வேலைக்குச் சமம்: கூரை இணைப்பில் பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடையுங்கள். அதை விட்டுவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் புது மரமும் பழைய மரத்தின் வழியே போகும்.

வேலை முடிந்தபின் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்ந்தாற்போல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். கோடு விலகினால் நட்டு சுழன்றிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். முதல் மலைப் பயணம் முடிந்ததும் ஒரு முறையும், பிறகு மாதம் ஒரு முறையும் சரிபாருங்கள்.

சில எச்சரிக்கைகள்

வெல்டிங் வைக்க நேர்ந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிளைவுட் அருகே தீப்பொறி விழாமல் பாருங்கள். சேஸில் புதிதாகத் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். பழுது பார்ப்பதோடு பெட்டியை நீட்டவோ உயர்த்தவோ எண்ண வேண்டாம். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. பெட்டியின் எடையும் வண்டிக்கு அனுமதித்த பாரத்துக்குள் அடங்கியதே என்பதையும் மறக்கக்கூடாது. மூன்று மூலைகள் உளுத்துவிட்டால் ஒட்டுப்போடுவதை விடச் சட்டத்தையே மாற்றுவது சிக்கனம்.

ஒரு மூலையைச் சரிசெய்ய நான்கைந்து நாள் வியாபாரம் நிற்கலாம். அந்த நட்டம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் மலையில் நம் பெட்டியின் நிழலில் நின்று சாமான் வாங்குகிறவர்கள், அந்தப் பெட்டி எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. நம்மை நம்பித்தான் நிற்கிறார்கள். அடுத்த முறை சரக்கு ஏற்றுமுன் நான்கு மூலைகளையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்.