சுனாமி எழுத வைத்த மென்பொருள்

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் பாடசாலை மாணவன். முகாமாக மாறிய எங்கள் பாடசாலைச் சுவரில் கையால் எழுதிய பெயர்ப்பட்டியல் ஒட்டியிருந்தது. சித்தியைத் தேடி அப்பா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அடுத்த முகாமின் பட்டியலைப் பார்க்க அங்கேதான் போகவேண்டும். சித்தி உயிரோடு இருப்பது நான்காம் நாள்தான் தெரிந்தது.

அதே நாட்களில் கொழும்பில் கணினித் துறையினர் தன்னார்வலர்களாகக் கூடி ஒரு மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதை ஊடகக் கற்கைகள் படிக்கும்போதுதான் அறிந்தேன். பெயர் 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் என அனைத்தையும் ஒரே இடத்தில் பதிவதற்கானது.

வழமையாக இத்தகைய மென்பொருளுக்கு மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள். சஹானாவின் முதல் வடிவம் சில வாரங்களில் பயன்பாட்டுக்கு வந்தது. வேலைசெய்யும் சிறு பகுதியை முதலில் கொடுத்து, பயன்படுத்துவோர் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போவதை 'எஜைல்' முறை என்பார்கள். 2001இல் அமெரிக்காவில் 17 மென்பொருளாளர்கள் கூடி இதனை ஓர் அறிக்கையாக வெளியிட்டார்கள். இங்கே அனர்த்தமே அந்த வேகத்தைக் கேட்டது.

வேகத்துக்கு விலையும் உண்டு. ஓர் அனர்த்தத்துக்காக அவசரத்தில் எழுதியதை மற்ற நாடுகளுக்கும் பொருந்தும்படி பின்னர் புதிதாக எழுதவேண்டியிருந்தது. ஆனால் அது கட்டற்ற மென்பொருள். எவரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம். அதனால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிட்டியிலும் அது உதவியது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலன் விருதும் கிடைத்தது. எத்தனை வரிகள் எழுதினார்கள் என்று எண்ணினால் இந்த உழைப்பின் பயன் தெரியாது. எத்தனை பேருக்கு, எவ்வளவு விரைவாக உதவியது என்பதே கணக்கு.

எங்கள் மண்ணில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வீதியோரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் சஹானா நினைவுக்கு வரும். பெயர்களைப் பதிவதற்கான தொழில்நுட்பம் இந்நாட்டிலேயே, இலவசமாகவே பிறந்தது. பதிந்த பெயருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். குறையைக் கேட்டுத் திருத்துவதுதான் அந்த முறையின் உயிர். அந்தத் தாய்மாரின் குறையை இன்னும் யாரும் கேட்டுத் திருத்தவில்லை.