ஈடும் அரசாங்கப் பிணையும்

மரக்காணத்து உப்பளக் கரைக்கு அண்மையிலுள்ள கிளியனூரில் ஒருவர் தம் நன்செய்யை ஈடு வைத்து, இருபது ஆண்டுத் தவணையில் கடன் கேட்கின்றார் என வைத்துக்கொள்வோம். பாங்கியிலுள்ள பணமோ, போட்டவர் விரைவில் திரும்பக் கேட்கும் வைப்புத்தொகை. அது நெடுங்கடனுக்கு எங்ஙனம் உதவும்?

இவ்விடர் நீக்கவே 1929-ஆம் ஆண்டில் சென்னையில் மத்தியக் கூட்டுறவு நில அடமான பாங்கி தோன்றிற்று. ஊர்ப்புறப் பாங்கிகள் தாம் பெற்ற அடமானங்களை அதற்கு மாற்றிக் கொடுத்தன. அவற்றின் மேல் அது கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பொருள் திரட்டிற்று. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதலுக்கும் வட்டிக்கும் சென்னை அரசாங்கம் பிணை நின்றது. ஆதலின், அந்நிலங்களைக் கண்டறியாதாரும் பத்திரங்களை வாங்கத் துணிந்தனர்.

வீட்டுக் கடனிலும் இம்முறை உண்டு. நம் நாட்டில் 1988-இல் அமைந்த தேசிய வீட்டுவசதி வங்கி, 2000-இல் வீட்டடமானங்களைத் திரட்டி அவற்றின் மேல் பத்திரங்களை வெளியிட்டது. அமெரிக்காவில் ஃபானி மே, ஃபிரெடி மாக் என்னும் இரு நிறுவனங்கள் வீட்டடமானங்களை வாங்கி வந்தன. அவற்றின் பத்திரங்களுக்கு அரசாங்கம் வெளிப்படையாகப் பிணை நின்றிலது. எனினும் கைவிடாதென்றே பலரும் நம்பினர். வீடுகளின் விலை வீழ்ந்து நட்டம் பெருகவே, 2008 செப்டம்பரில் அவ்விரண்டையும் அரசாங்கமே தன் பொறுப்பில் ஏற்க நேர்ந்தது.

இதனால் நாம் அறிவது யாது? பிணை தொலைவிலுள்ள பணத்தை வரவழைக்குமேயன்றி, ஈட்டின் மதிப்பை உயர்த்தாது. நிலத்தை நேரிற்கண்டு மதிப்பிடுவோர் தவறின், அந்நட்டம் கடனே வாங்காத குடிகள் தலையிலும் விழும்.