சிலிர்க்க வைக்கும் உடுக்கை

பேய்ப்படம் பார்க்கும்போது முதலில் பயப்படுவது கண்ணா, காதா? காதுதான்! வேண்டுமானால் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், பேய் சாதுவாகிவிடும்.

அக்டோபர் 31 வந்தால் மேல்நாடுகளில் ஹாலோவீன். ஊளை, இடி, கதவு கிறீச்சிடும் ஓசை எல்லாவற்றையும் கலந்து வாசலில் ஒலிக்கவிட்டு, வருகிறவர்களைப் பயமுறுத்துவார்கள். அதற்கெல்லாம் சளைக்காத ஒரு வாத்தியம் நம்மிடம் இருக்கிறது. உடுக்கை!

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கோடாங்கி குறி சொல்ல உட்கார்ந்து உடுக்கையை எடுத்தாலே கூட்டம் கப்சிப் ஆகிவிடும். அப்படி என்ன இருக்கிறது அந்தச் சின்ன வாத்தியத்தில்?

அதன் இடுப்பைக் கவனியுங்கள். இரண்டு பக்கத் தோலையும் இழுத்துக் கட்டிய கயிறு அங்கேதான் ஓடுகிறது. வலதுகை விரல்கள் தட்ட, இடதுகை அந்தக் கயிற்றை அழுத்தும். அழுத்தினால் தோல் விறைத்துச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். தட்டுகிற ஓசை அப்படியே வழுக்கிக்கொண்டு போகும்போது, யாரோ விம்முவது போலக் காதில் விழும். சிலிர்ப்பின் ரகசியம் அதுதான்.

பள்ளி நாடகத்துக்குப் பேய்க் காட்சியா? தகரத்தை உலுக்கினால் இடி வந்துவிடும். கூடவே உடுக்கையையும் செல்போனில் பதிவு செய்யுங்கள். ஆனால் அது சாமி வாத்தியம். வாசிப்பவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு பதிவு செய்யுங்கள்.